நாடி எண்பத்து நாலு

கச்சிராயபாளையம் தாண்டி எங்கள் மருத்துவ வண்டி மலை ஏறத் தொடங்கியதும் சிஸ்டர் கைப்பையைத் திறந்து பேனாவை எடுப்பாள். மடியில் ஒரு தலையணை, தலையணை மேல் கர்ப்பிணிப் பதிவேடு. வளைவுக்கு வளைவு வண்டி ஆடும். பின்னால் மருந்துப் பெட்டிகள் இடம் மாறும். எனக்குக் குடலைப் புரட்டும். அவளுடைய கையெழுத்து மட்டும் ஆடாது. வெள்ளிமலை வந்து சேர்வதற்குள், அன்று நாங்கள் இன்னும் முகத்தைக்கூடப் பார்க்காத நாற்பது பெண்களின் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் அவள் அளந்து முடித்திருப்பாள்.

சிஸ்டரை ‘அவர்’ என்றுதான் எழுத ஆரம்பித்தேன். என்னைவிட முப்பது வயது மூத்தவள். இரண்டு வரிக்கு மேல் கை வரவில்லை, அடித்துவிட்டேன். நேரில் ‘வாங்க சிஸ்டர், சொல்லுங்க சிஸ்டர்’ என்று ஒன்றரை வருஷம் குழைந்திருக்கிறேன். அவளுக்கு அந்த மரியாதை போதும்.

கள்ளக்குறிச்சியில் இருந்த ஓர் அறக்கட்டளையின் வண்டி அது. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் போய் கர்ப்பிணிகளைப் பார்ப்பது வேலை. வண்டியில் மூன்று பேர்: மூத்த நர்ஸான சிஸ்டர், நான், ஓட்டுநர் அண்ணன். நான் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். நர்சிங் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. மாதா கோயில் பூசையில் சாமியார் என் பேரைச் சொல்லி நன்றி மன்றாட்டு சொல்லும் அளவுக்கு எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

முதல் நாள் வண்டியில் அவள் எழுதுவதைப் பார்த்து, போன மாதத்துக் கணக்கைப் பிரதி எடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பக்கத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி.

“இன்னா சிஸ்டர், இன்னும் ஆளையே பாக்கலியே?”

“பாத்து இன்னா ஆவப் போவுது? போன மாசம் நல்லாத்தான இருந்தாளுங்க.”

போன மாசமும் இதே வளைவில்தானே எழுதியிருப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொய் சொல்வதில்கூட அவளிடம் ஒரு தொழில் சுத்தம் இருந்ததை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதுகிற சோம்பேறி இல்லை அவள். ஒருத்திக்கு நூற்றுப்பத்து, அடுத்தவளுக்கு நூற்றுப்பதினாலு, அதற்கடுத்தவளுக்கு நூற்றெட்டு. நாடி எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்து நாலு. தொண்ணூறைத் தொடமாட்டாள். “தொண்ணூறு போட்டா மேல இருக்கிறவங்க இன்னா ஏதுன்னு கேப்பாங்க. எண்பத்தி நாலுன்னா யாரும் கேக்க மாட்டாங்க” என்பாள். போன மாதம் எண்பத்து நாலு வாங்கியவளுக்கு இந்த மாதம் எண்பத்திரண்டு. நீல மை பேனா ஒன்று, கறுப்பு மை பேனா ஒன்று, ஒரே மூச்சில் எழுதியது தெரியாமல் இருக்க. இவ்வளவு மூளையையும் வேறு எதற்காவது செலவழித்திருந்தால் அந்த மலைக்கே விடிந்திருக்கும்.

முகாமில் நடப்பது கூத்து. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, ரவிக்கைக் கை மேலேயே ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றுவாள். காற்றடிக்கும் ரப்பர் பல்பை இரண்டு தடவை அழுத்துவாள். ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். காதுக்குப் போகவே போகாது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெண் கொண்டுவந்த பரிசோதனைக் கார்டில் எண்ணை எழுதுவாள். “ம், நல்லா கீது. அடுத்த ஆளு.” ஒருத்திக்கு முப்பது விநாடி. அந்தப் பெண்கள் பட்டை சுற்றிய கையைத் தடவிக்கொண்டே, பெரிய சோதனை ஒன்றில் தேறிய முகத்தோடு எழுந்து போவார்கள்.

கார்டில் எடை மட்டும் நிஜம். எடை மெஷினில் ஏறி நிற்பது அவர்களுக்குப் பிடிக்கும், ஒருவருக்கொருவர் முள்ளைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் அதில் அவளால் கை வைக்க முடியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் பல்பின் ரப்பர் கிழிந்துபோனது. அழுத்தினால் புஸ் என்று காற்று வெளியே போகும், முள் அசையாது. மூன்று மாதம் அந்தக் கிழிந்த பல்பையே அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று மாதமும் நாற்பது பேருக்கும் ரத்த அழுத்தம் ஒழுங்காகப் பதிவானது. வாயிருந்தால் அந்தக் கருவியே எழுந்து ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கும். ஓட்டுநர் அண்ணன்தான் கடைசியில், “மெஷின் இருமுது சிஸ்டர், மாத்துங்க” என்று சொல்லி, புதிய கருவிக்கு எழுதிப் போடவைத்தார். புதிய கருவி வந்தது. ஆனால் வண்டிக்கு வரவில்லை. அது எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

ஆளைப் பார்த்தால் நீங்கள் கும்பிடுவீர்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைப் புடவை. நெற்றியில் அளந்து வைத்த பொட்டு. மலையில் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். கீழிருந்து கொண்டுவந்த பாட்டில்தான். யாராவது அன்போடு ஒரு பலாச்சுளை நீட்டினால், “வெச்சிட்டுப் போ” என்பாள். அவர்கள் தலை மறைந்ததும் அண்ணனிடம் தள்ளிவிடுவாள். ஒவ்வொரு பெண்ணைத் தொட்ட பிறகும் டெட்டால் போட்டுக் கை கழுவுவாள். பார்க்கிறவர்கள் சுத்தம் என்று நினைப்பார்கள். எனக்கு அது வேறு மாதிரிதான் தெரிந்தது. “இவளுங்க கல்லைத் தின்னு செரிக்கிற ஜாதி. இதுங்களுக்கு பி.பி. பாத்து இன்னாத்துக்கு?” என்று ஒருநாள் அவள் வாயாலேயே வந்தது.

மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் குரலே மாறிவிடும். “வாங்க சார், உக்காருங்க சார், இளநி வெட்டச் சொல்றேன் சார்.” வந்தவர்கள் பதிவேட்டைத் திறப்பார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். கோடு தாண்டாத எண்கள். “இதுமாதிரி ரெஜிஸ்டர நான் எங்கியும் பாத்ததில்ல” என்று ஒரு பெரியவர் உருகிப்போனார். அந்த வருஷ ஆண்டு விழாவில், சிறந்த பதிவேட்டுப் பராமரிப்புக்காக அவளுக்குச் சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கை தட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து எனக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘பரிசோதித்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. “கையெழுத்து நீ போடு. பழகிக்கோ. நாளைக்கு நீதான பெரிய சிஸ்டர்” என்றாள். பதிவேட்டிலும் போட்டேன், பெண்களின் கார்டிலும் போட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எதற்குத் தன் கையெழுத்தை எடுத்துவிட்டு என்னுடையதை வைக்கிறாள் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. அல்லது இருந்தும் அதைத் தூங்கவைத்துவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால், ரொம்ப நாள் அவளுக்கு வேலை தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். காது மந்தமாக இருக்கும், ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது, வெளியே சொல்ல வெட்கப்பட்டு இப்படிச் சமாளிக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டி, கொஞ்சம் பரிதாபமும் பட்டேன். அந்தப் பரிதாபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய மகள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருந்தாள். ஆபீஸ் அலமாரியில் இருக்கிற எடை மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லி எனக்குப் போன். பூசை முடிந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போனேன். கூடத்தில் மேஜை மேல், வண்டிக்கு வராத அந்தப் புதிய ரத்த அழுத்தக் கருவி இருந்தது. உறை பிரித்து, துடைத்து, மெல்லிய துண்டு விரித்து வைத்திருந்தாள். மலையில் நாங்கள் இன்னும் அந்தக் கிழிந்த பல்பைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் அளந்தாள். முதலில் மகளைப் பாத்ரூம் போய் வரச் சொன்னாள். டிவியை நிறுத்தினாள். முதுகு சாய நாற்காலி, பாதம் இரண்டும் தரையில். “அஞ்சி நிமிஷம் பேசாத கண்ணு” என்று சொல்லி, எதிரில் உட்கார்ந்து, அவளும் பேசாமல் இருந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். இதயம் இருக்கிற உயரத்துக்குக் கை வரும்படி ஒரு தலையணையை அணைகொடுத்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அதற்குப் பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். காலேஜில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாக அளந்து நான் பார்த்ததில்லை.

எண்ணி முடித்ததும் அவள் முகம் மாறியது. “நடுவுல ஒண்ணு தாண்டுது” என்றாள். மறுபடியும் எண்ணினாள். மார்பின் இடது பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மகளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ரொம்ப நேரம் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா, சும்மா பயப்படற” என்றாள் மகள்.

“உனுக்கு இன்னா தெரியும்? ரத்தம் முன்ன மாதிரியா ஓடுது? கிட்டத்தட்ட ஒண்ணரைப் பங்கு ஆயிடிச்சி. ஏழாம் மாசம் எட்டாம் மாசத்துல இதயம் ஒண்ணரை ஆளு வேலைய ஒத்த ஆளா செய்யும். உள்ள ஒரு சின்னக் கோளாறு இருந்தாலும் அப்பதான் காட்டும். நாளைக்கே சேலம் போயி எக்கோ எடுத்துடலாம்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்து, ஒன்றுமில்லை, கர்ப்பத்தில் சிலருக்கு அப்படித் தாண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லது. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். தெரியாமல் செய்கிறவளோடு வேலை பார்த்துவிடலாம். எல்லாம் தெரிந்தும் செய்யாதவள் எப்படிப்பட்ட பிறவி என்று அன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

அதே வாரம் வெள்ளிமலை தாண்டி ஒரு கிராமத்தில் முகாம். வரிசையில் உண்ணாமலை இருந்தாள். இருபது வயசு, தலைப்பிரசவம், ஏழாம் மாதம். மூன்றாம் மாதத்திலிருந்து எங்களிடம் வருகிறவள். எப்போதும் எடை மெஷினில் முதலில் ஏறுகிறவள் அன்று ஏறவில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கொடுக்கப் போன என்னிடம் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கி, மீதியைச் சொன்னாள்.

“படுத்தா மூச்சு முட்டுதுங்க. சொவத்துல சாஞ்சிக்கினு ஒக்காந்தாதான் கண்ண மூட முடியுது.”

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு மாசமா இருக்குங்க. இப்ப ஜாஸ்தி. இருமலு வேற.”

மாத்திரை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தது போலவே, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம். நூற்று முப்பது. அதுவும் ஒழுங்காக இல்லை. விரலுக்கடியில் நாடி தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த கார்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய வரி ஏற்கனவே நிரம்பியிருந்தது. நாடி எண்பத்து நாலு. மூச்சுத்திணறல்: ‘இல்லை’. கீழே, வழக்கம்போல, சிஸ்டர் நீட்டியதும் பார்க்காமலே நான் போட்ட கையெழுத்து.

ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன்.

“மலையில ஏறி எறங்கி வந்தா மூச்சு வாங்காதா? முழுகாம இருக்கிறவளுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும்.”

“நூத்தி முப்பது சிஸ்டர். தாண்டித் தாண்டி ஓடுது. நீங்க ஒரு வாட்டி பாருங்க.”

“கார்டுல இன்னா இருக்கு?”

“கார்டுல இருக்கிறது நீங்க வண்டியில எழுதுனது!”

வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். “கத்தாத. இப்ப இன்னா பண்ணணும்ன்ற?”

“உங்க பொண்ணுக்கு ஒரு நிமிஷம் எண்ணுனீங்களே. இவளுக்கும் எண்ணுங்க.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷி என்று ஒத்துக்கொண்டிருப்பேன். நிதானமாக, எனக்கு நியாயம் விளங்கவைக்கிற மாதிரி சொன்னாள்: “அது நான் பெத்தது. இங்க ஒரு நாளைக்கு நாப்பது பேரு. ஆளுக்கு ஒரு நிமிஷம் வெச்சா நாப்பது நிமிஷம். அப்பறம் நான் எப்ப வூடு போயி சேர்றது?”

நாற்பது நிமிஷம். அதைக் கூட்டிப் பார்த்தே வைத்திருக்கிறாள்! ஏதோ பெரிய தீமை, பெரிய வெறுப்பு என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிதாக ஒன்றும் அவளிடம் இல்லை. கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே போகலாம் என்றேன். இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருக்கிறது, வண்டி முகாமுக்குத்தான், நோயாளியை ஏற்ற இல்லை என்றாள். அண்ணன் சிஸ்டர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். போனில் சிக்னல் இல்லை. அரை மணியில் கள்ளக்குறிச்சி பஸ் வரும் என்று அண்ணன் முணுமுணுத்தது மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த உதவி.

உண்ணாமலையையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் மரவள்ளித் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தவர், காலில் செம்மண். உண்ணாமலையின் கார்டை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வழியெல்லாம் மார்போடு பிடித்திருந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்தே உட்கார்ந்துவந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நான் அவள் நாடியைப் பிடித்தேன். இறங்கும் வரை அது நூற்றிருபதுக்குக் கீழே வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். பணியில் இருந்தது என் வயசு டாக்டரம்மா. புருஷன் முதல் வேலையாகக் கவரைப் பிரித்துக் கார்டை நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“மாசா மாசம் எல்லாம் நார்மலாதான இருக்கு? இன்னிக்கி காலையிலகூட எண்பத்தி நாலு. பஸ்ல வந்த களைப்பா இருக்கும். வெளிய உக்கார வைங்க, கூட்டம் கொறையட்டும், பாக்கறேன்.”

அவர் மேல் தப்பில்லை. அத்தனை அழகான கார்டை யார் நம்பமாட்டார்கள்? ஐந்து மாதமாக ஒழுங்காக ஓடிய இதயம் என்று அந்தக் கார்டு சத்தியம் செய்தது.

“மேடம், அது பொய்” என்றேன்.

“எது?”

“கார்டுல இருக்கிற நாடி, பி.பி. எல்லாம். யாரும் அளக்கல. வண்டியில வரும்போதே எழுதுனது.”

“இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான் மேடம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. எழுந்து வந்து உண்ணாமலையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு ஆக்சிஜன் கொண்டுவரச் சொன்னார். எக்கோ எடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். இதயத்துக்குள் இருக்கிற வால்வு ஒன்று தடித்துப்போய், அகலத் திறக்க வேண்டிய கதவு ஒருக்களித்து நிற்பது போல நின்றது. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வந்திருக்கும், கர்ப்பத்தில் ரத்தம் அதிகமானதும் அந்தச் சின்ன வழியில் போக முடியாமல் நுரையீரலில் தேங்கிவிட்டது என்றார். அன்றே சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வை விரித்தார்கள். உண்ணாமலை பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

அறக்கட்டளையில் விசாரணை வைத்தார்கள். பதிவேடுகளை மேஜை மேல் அடுக்கினார்கள். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பரிசோதித்தவர் நான். சிஸ்டர் எனக்காகப் பரிந்து பேசினாள். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. “சின்னப் பொண்ணு சார். அனுபவம் பத்தாது. மொத தப்பு, மன்னிச்சி வுட்டுடுங்க சார்” என்று சொல்லி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிய கையை விசாரணை முடிந்ததும் கழுவினாளா என்று பார்க்க நான் அங்கே இல்லை. என்னை அன்றே அனுப்பிவிட்டார்கள். அவள் இன்னும் இரண்டு வருஷம் அதே இருக்கையில் மலை ஏறி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றாள். இப்போது அவளுடைய தெருவில் யாருக்குத் தலைசுற்றல் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். பெரிய கைராசிக்காரி என்று பேராம்.

வேலை போன மறுவாரம் உண்ணாமலையைப் பார்க்கச் சேலம் போனேன். ஒன்றை மறைக்கக் கூடாது. நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஒரு உயிரைக் காப்பாற்ற வேலையையே இழந்தவள் என்ற நினைப்பு எனக்கு. பையில் ஆரஞ்சுப் பழம். புருஷன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார இடம் விட்டு, தான் நின்றுகொண்டார்.

“ஒண்ணு கேக்கலாமாங்க?”

“கேளுங்கண்ணே.”

“அளக்காம எழுதுனது எந்த மாசத்துலேர்ந்துங்க?”

எழுதியது நான் இல்லை, சிஸ்டர் என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. “மொதல்ல வந்தாங்களே, அந்த மாசத்துலேர்ந்தே” என்றேன்.

அவர் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அஞ்சாம் மாசம் ஒரு நாளு முடியலன்னு சொன்னா. நான் கார்ட எடுத்துப் பாத்தேன். எனுக்குப் படிக்கத் தெரியுங்க. ‘நர்சம்மா அளந்து நல்லா கீதுன்னு எழுதிக்கிறாங்க, நீ சோம்பேறித்தனம் பண்ற’ன்னு திட்டுனேன். மரவள்ளி மூட்டைய நான்தான் அவ தலையில தூக்கி வெச்சேன். ரோடு வரைக்கும் தூக்கினு வந்தா” என்றார்.

என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை அவகிட்ட சொல்றீங்களா? நான் கார்ட நம்பித்தான் அப்படிச் சொன்னேன்னு. நான் சொன்னா அவ மொகத்த திருப்பிக்கிறா.”

உள்ளே போனேன். உண்ணாமலை மல்லாந்து, தட்டையாகப் படுத்திருந்தாள். அப்படி அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கார்டில் இருந்தது பொய், அவர் அதை நம்பினார், பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“அப்ப எனுக்கு நெஜமாவே முடியாமதான் இருந்துதா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.